இன்னாசியின் கடைசிப் பாட்டு

அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்திவிடுகிறீர்களா அம்மா? கோபித்துக்கொள்ளாதீர்கள். வேறு எந்தப் பாட்டு வேண்டுமானாலும் வையுங்கள், செங்கிப்பட்டி வரைக்கும் நானும் கேட்டுக்கொண்டு வருகிறேன். இது மட்டும் வேண்டாம். திருவெறும்பூரில் ஏறி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்ததிலிருந்து மூன்று தடவை வைத்துவிட்டீர்கள்.

பிடிக்காமல் சொல்லவில்லை. யாருக்குத்தான் பிடிக்கவில்லை? சனிக்கிழமை மேடையில் பாடினார்கள், இன்றைக்குச் செவ்வாய், அதற்குள் எங்கள் தெருப் பால்காரர் போனில்கூட அதுதான் அடிக்கிறது. 'கதவத் தெற லூர்து, கதவத் தெற.' அந்தப் படத்தை ஒரு நிமிஷம் காட்டுங்கள். சத்தம் வேண்டாம், படம் மட்டும். கூட்டமெல்லாம் போன் விளக்கைத் தூக்கிப் பிடித்திருக்கிறதே, அதற்கு முன்னால், முதல் வரிசையில், வெள்ளைச் சேலையில் ஒரு அம்மா எழுந்து நிற்கிறாள் பாருங்கள். அவள்தான் லூர்து. பொன்மலை இன்னாசியின் மனைவி. அவளுக்குப் பக்கத்தில் பச்சைச் சேலை, பாதித் தலை தெரிகிறதா? அது நான்.

என் பெயர் மங்கையர்க்கரசி. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆபீசில் ஸ்டெனோவாக இருந்து ரிட்டயரானவள். இன்னாசியின் பாட்டையெல்லாம் எழுதினது நான்தான். இயற்றினது இல்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொல் அவருடையது, மெட்டு அவருடையது, குரல் அவருடையது. எழுதின கை என்னுடையது. முப்பத்தாறு வருஷம், இருநூற்றுச் சொச்சம் பாட்டு, பதினெட்டு நோட்டு. பதினேழு நோட்டு வீட்டில் பீரோவில் இருக்கிறது. பதினெட்டாவது இந்தப் பையில்.

இதை லூர்து கையில் கொடுக்கத்தான் போகிறேன். செங்கிப்பட்டியில் மகள் ஜெசிந்தா வீட்டில் இருக்கிறாள். கொடுத்துவிட்டு, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம். அது ஒரு வழி. கொடுத்து, கடைசிப் பக்கத்தை அவளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு வருவது இன்னொரு வழி. எந்த வழி என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நான் படிக்காவிட்டால் வேறு யாரும் படிக்க முடியாது. வேண்டுமானால் நீங்கள் பாருங்கள்.

என்ன தெரிகிறது? கோடு, புள்ளி, கொக்கி. அவ்வளவுதானே. இதற்குத்தான் சுருக்கெழுத்து என்று பெயர். தமிழ் ஷார்ட்ஹேண்ட். நான் கற்றுக்கொண்ட இன்ஸ்டிடியூட் மூடி எத்தனையோ வருஷம் ஆயிற்று. படித்தவர்கள் இன்னும் நாலு பேர் இருப்பார்கள், ஆனால் அவர்களாலும் என் நோட்டைப் படிக்க முடியாது. வேலை செய்யச் செய்ய ஒவ்வொருத்தியும் தனக்கென்று சில கொக்கிகளை வைத்துக்கொள்வாள். என் கொக்கி எனக்குத்தான் தெரியும்.

அதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது நாங்கள் அர்த்தத்தைக் கேட்க மாட்டோம். கேட்டால் கை நின்றுபோகும். காதில் விழும், பென்சிலில் இறங்கும், நடுவில் மனசு கிடையாது. அப்படித்தான் பழக்குவார்கள். என் அதிகாரி ஒருவர், என்னுடைய இடமாற்ற உத்தரவையே எனக்கு டிக்டேட் செய்தார். தட்டச்சு செய்ய உட்கார்ந்தபோதுதான் அது நான் என்று தெரிந்தது. ஆபீஸே சிரித்தது. எழுதும்போது தெரியாது, தட்டச்சு செய்யும்போதுதான் தெரியும். தொழில் அப்படி.

இன்னாசி வீல் ஷாப்பில் ஃபிட்டர். எண்பத்தேழில் என்று நினைக்கிறேன், யூனியன் ஆண்டு விழாவில் பாடினார். கையில் ஒரு பழைய கிட்டார், ரயில்வே காலனியைக் காலி செய்துவிட்டுப் போன ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் விட்டுப் போனது. அதில் ஒரு கம்பி கிடையாது. அந்தக் கம்பி இல்லாமலே ஆள் ஐந்து பாட்டுப் பாடினார். மறுநாள் ஆபீசர் ஒருவர் கூப்பிட்டு, அந்த மூன்றாவது பாட்டை இன்னொரு தடவை பாடு என்றால், "எந்தப் பாட்டுங்க சார்?" என்கிறார். நடிக்கவில்லை. நிஜமாகவே மறந்துவிட்டது. அன்றைக்கு வருவது அன்றைக்கோடு சரி.

எழுதி வைத்துக்கொள்ளக் கூடாதா என்று நான் கேட்டேன்.

"எழுத உக்காந்தா பாட்டு எந்திரிச்சுப் போயிருதுங்க. நமக்கு அஞ்சாங்கிளாஸ் எழுத்து. 'க' போட்டு முடிக்கிறதுக்குள்ள அது கரூர் தாண்டிரும்."

அப்புறம் என் மேஜையைப் பார்த்தார். "ஆபீசர் பேசப் பேச எழுதுவீங்களாமே. நான் பாடப் பாட எழுதுவீங்களா?"

"ஆபீசர் தப்பு விட்டாத் திருத்துவேன். உங்களுக்கும் திருத்தணுமா?" என்றேன். எனக்கும் அப்போது வாய் கொஞ்சம் உண்டு.

"எழுதுங்க. திருத்தாதீங்க," என்றார்.

அவ்வளவுதான் ஒப்பந்தம். முப்பத்தாறு வருஷத்தில் ஒரு எழுத்து நான் சேர்த்ததில்லை, ஒரு எழுத்து எடுத்ததில்லை. போன மாதம் வரைக்கும் இல்லை.

அவருக்குப் பாட்டு எப்படி வரும் தெரியுமா? முதலில் பாட்டாகவே வராது. பேச்சாக வரும். யாரிடமோ பேசுகிற மாதிரி முணுமுணுப்பார். 'சங்கு ஊதிருச்சு, சோத்த எடு' என்பார், ஷிப்ட் சங்கைத்தான். திரும்ப அதையே சொல்லுவார். மூன்றாவது தடவை சொல்லும்போது எங்கிருந்தோ ராகம் வந்து அதன்மேல் உட்கார்ந்துவிடும். உடம்பெல்லாம் சிலிர்க்கும் அம்மா. 'சங்கு ஊதிருச்சு' கேட்டிருப்பீர்கள். அது ஒர்க்‌ஷாப்பே பாடின பாட்டு. அது முதலில் வெறும் பேச்சுதான். அதனால் முதல் முணுமுணுப்பிலிருந்தே நான் எழுத ஆரம்பித்துவிடுவேன். அவர் வாயிலிருந்து வருவதில் எது பேச்சு, எது பாட்டு என்று பிரிக்க எனக்கு அதிகாரம் இல்லை. எல்லாவற்றையும் எழுது. பிரிப்பதெல்லாம் அப்புறம்.

அவர் குவார்ட்டர்ஸில்தான் உட்காருவோம். முன்னறை. சாயங்காலம் ஷிப்ட் விட்டு வந்து முகம் கழுவிவிட்டு, "அரசி, எழுது" என்பார். ஆபீஸில் எல்லோருக்கும் நான் மங்கை. அவருக்கு மட்டும் அரசி. வாய்க்குச் சுலபமாக இருந்ததோ என்னவோ.

லூர்து சமையற்கட்டில் இருப்பாள். நல்லவள். பாவம், பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆரம்பத்தில் ஒரு நாள் மூன்றாவது தடவை வருகிற நேரத்தில் டீயைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். "சர்க்கரை கம்மியா இருந்தாச் சொல்லுங்க" என்றாள். போயிற்று. பாட்டு போயே போயிற்று. அவர் சிரித்துக்கொண்டு டீயைக் குடித்தார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. "லூர்து, பாட்டு எறங்கும்போது கதவு தெறக்கக் கூடாதும்மா" என்றேன். அன்றையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டோம். கதவுக்கு வெளியே அவள் ஒரு ஸ்டூல் போட்டாள். டீ அதன்மேல் இருக்கும். ஆறிப்போனால் திரும்பச் சுட வைத்துக் கொண்டுவந்து வைப்பாள். எப்போதாவது அவசரத்துக்குக் கதவைக் கொஞ்சம் திறந்தால் நான் இடது கையைத் தூக்கிக் காட்டுவேன். இதோ, இப்படி. வலது கை எழுதிக்கொண்டேயிருக்கும். அவள் சாத்திக்கொண்டு போய்விடுவாள். அந்த விஷயத்தில் ரொம்ப மரியாதை தெரிந்தவள்.

அவருக்குக் கதவு திறந்திருந்தாலும் ஒன்றுதான், சாத்தியிருந்தாலும் ஒன்றுதான். ஆனால் ஒரு ஒழுங்கு வேண்டும் இல்லையா.

காலனியில் என்னென்னவோ பேசினார்கள். கல்யாணமாகாதவள், சாத்தின கதவு, பேச மாட்டார்களா? நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தப்பு ஒன்றும் இல்லை அம்மா, சத்தியமாக இல்லை. நான் நாற்காலியில், அவர் கட்டிலில், நடுவில் கிட்டார். லூர்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. வேறு ஒன்றுதான் கேட்டாள். ஒரு தடவை, நான் கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, அந்தக் கோடு போடுறத எனக்கும் சொல்லிக் குடுங்களேன்" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். "அதுக்கு ரெண்டு வருஷம் ஆகும்மா."

"எனக்கு நேரம் இருக்குக்கா."

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பேச்சு அத்தோடு போயிற்று. எட்டாவது படித்தவள், இதை எங்கே கற்றுக்கொள்வது.

இப்போது எதற்கு இதெல்லாம் ஞாபகம் வருகிறது என்று தெரியவில்லை. இன்னொன்றும் வருகிறது. 'ஆத்துல தண்ணி இல்ல, அழுகைக்குப் பஞ்சமில்ல' பாட்டு உங்களுக்குத் தெரியுமா? அதில் இரண்டாவது அடி அவருக்கு வரவே இல்லை. முதல் அடியைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார். அப்போது கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், 'அழுகைக்குப் பஞ்சமில்ல' என்று. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "எழுது அரசி, எழுது." எழுதினேன். கேசட்டில் பாடல் இன்னாசி என்றுதான் போட்டார்கள். ஒரு அடிதானே.

இது துவாக்குடியா? அதற்குள் வந்துவிட்டதா. டிரைவர் நன்றாகத்தான் ஓட்டுகிறார்.

அப்புறம் கேசட் போய் சி.டி. வந்தது, அதுவும் போனது. ரிட்டயரான பிறகுதான் அவருக்குப் பேர் வந்தது. காலேஜ் பிள்ளைகள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பொன்மலைக்கு வர ஆரம்பித்தார்கள். முகிலன் என்று ஒரு பையன், சனிக்கிழமை நிகழ்ச்சியை நடத்தினானே, தாடி, அவன் வந்து இவர் காலடியிலேயே கிடந்தான். வெளிநாடெல்லாம் கூட்டிக்கொண்டு போனான். எங்கே போனாலும் இவர் கடைசியில், "பாட்டெல்லாம் அரசிகிட்ட இருக்கு, நான் வெறும் வாய்" என்பார். லூர்தும் கூட்டத்தில் உட்கார்ந்து கை தட்டுவாள்.

நுரையீரல்தான் போயிற்று. ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு, வீட்டிலேயே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். குரல் முற்றிலும் போய்விட்டது. உதட்டில் காதை வைத்தால்தான் கேட்கும். நான் வாரத்தில் இரண்டு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அவர் பேசாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

அன்றைக்குக் காலையில் லூர்து போன் செய்தாள். "அக்கா, நேத்து ராத்திரியிலேருந்து என்னமோ முணுமுணுக்கிறாரு. எனக்குப் புரியல. பாட்டா இருக்குமோன்னு தோணுது. நீங்க வந்து பாருங்களேன்."

பாருங்கள், அவள்தான் கூப்பிட்டாள். நானாகப் போகவில்லை.

ஓடினேன். நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். பக்கத்து வீட்டில் ஏதோ டைல்ஸ் வெட்டுகிற சத்தம். கதவைச் சாத்தினேன். பழக்கம்தான். லூர்தும் பழக்கப்படி வெளியே போய்விட்டாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குனிந்து காதை வைத்தேன். உதடு அசைகிறது. முதலில் வெறும் காற்றுதான் வந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது.

'லூர்து. கதவத் தெற.'

கை ஓட ஆரம்பித்தது.

'கதவத் தெற லூர்து. இருட்டா இருக்கு. தண்ணி ஒரு மடக்கு. எங்க இருக்க, லூர்து. கதவத் தெற.'

இரண்டாவது தடவையும் அதே. எட்டு மாதமாக வராதது வருகிறது. மூன்றாவது தடவைக்குக் காத்திருந்தேன். மூன்றாவது தடவையும் வந்தது. ராகம்தான் வரவில்லை. மூச்சு இல்லை, ராகத்துக்கு எங்கே போவார் என்று நினைத்துக்கொண்டேன். எழுதிக்கொண்டே இருந்தேன். இருபது நிமிஷம் இருக்கும்.

நடுவில் கதவு திறந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. வெளிச்சம் விழுந்ததை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். லூர்து தண்ணீர் டம்ளரோடு நின்றிருக்கிறாள். அது அப்புறம்தான் எனக்குத் தெரியும். நான் இடது கையைத் தூக்கினேன். கதவு சாத்திக்கொண்டது.

அவர் உதடு நின்ற பிறகு, நோட்டை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். லூர்து ஸ்டூல் பக்கத்தில் நிற்கிறாள். டம்ளர் ஸ்டூல்மேல் இருக்கிறது. "பாட்டுதாம்மா. நல்லா வந்திருக்கு. உம் பேரு வச்சுப் பாடியிருக்காரு" என்றேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. முப்பத்தாறு வருஷத்தில் அவள் பேர் வைத்து ஒரு பாட்டுக்கூட இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் தூங்கிவிட்டார். டாக்டர் வந்து பார்த்து, இது தூக்கம் இல்லை, நினைவு போய்விட்டது என்றார். சாயங்காலம் நாலரைக்கு முடிந்துவிட்டது. கண்ணைத் திறக்கவே இல்லை.

பேப்பரில் போட்டார்கள், 'கடைசி மூச்சிலும் பாட்டு' என்று. நான்தான் நிருபரிடம் சொன்னேன். பெருமையாகச் சொன்னேன்.

பதினோரு மாதம் அந்த நோட்டைத் திறக்கவில்லை. திறக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். அப்புறம் முகிலன் வந்தான். முதல் வருஷ நினைவு நாளுக்குப் பெரிய நிகழ்ச்சி, சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, இருபது பாடகர்கள், அவர் வாழ்க்கை முழுதும் பாட்டாகவே சொல்கிறோம், கடைசியில் கடைசிப் பாட்டு என்றான். "அம்மா, அந்த வரிகள் வேணும். மெட்டு இல்லைன்னா பரவாயில்ல, நான் போட்டுக்கறேன்" என்றான்.

தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன்.

எழுதும்போது தெரியாது என்று சொன்னேனே.

நாலு வரி தட்டச்சு செய்ததும் கை நின்றுபோயிற்று. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். வந்து மறுபடி உட்கார்ந்தேன். அவருடைய பாட்டெல்லாம் இப்படித்தானே ஆரம்பிக்கும், பேச்சு மாதிரித்தானே இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டே முழுதையும் தட்டச்சு செய்தேன். ஒரு வரியைத் தவிர. அந்த ஒரு வரியை விட்டுவிட்டேன். முகிலனுக்கு அப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது. எழுதுங்க, திருத்தாதீங்க என்று சொன்ன ஆளுடைய வரி.

சனிக்கிழமை லூர்துவையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். இரண்டு பேருக்கும் சால்வை போட்டார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் அவள் உதடு அசைகிறது. ஒரு வார்த்தை பிசகாமல் இருநூறு பாட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கே நோட்டைப் பார்த்தால்தான் வரும். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கதவு மெல்லிசுதானக்கா" என்றாள்.

'ஆத்துல தண்ணி இல்ல' பாட்டுக்குக் கூட்டமே எழுந்து நின்றது. அவள் மட்டும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவ்வளவு நேரமும் சந்தோஷமாகத்தான் இருந்தாள் அம்மா. தன் பேர் வைத்த பாட்டு வரப்போகிறது என்று பேரப்பிள்ளைகளிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். புதுச் சேலை.

ஆறு மணிக்கு அந்தப் பாட்டு வந்தது. அரங்கத்து விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஒரு பெண் மட்டும் பாடினாள், பின்னால் மெதுவாக வயலின். முகிலன் அருமையாக மெட்டுப் போட்டிருந்தான், அதில் குறை சொல்ல முடியாது. 'கதவத் தெற லூர்து' என்றதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். 'இருட்டா இருக்கு' வரைக்கும் பிடித்திருந்தாள். 'தண்ணி ஒரு மடக்கு' வந்தது. கையை விட்டுவிட்டு எழுந்து நின்றாள். நீங்கள் போனில் பார்க்கிறீர்களே, அதுதான். எல்லோரும் உணர்ச்சிவசப்பட்டு எழுந்தாள் என்று நினைக்கிறார்கள்.

குனிந்து என் காதில் கேட்டாள். "அக்கா, அன்னிக்கு அவரு பாடுனாரா, என்னையக் கூப்புட்டாரா?"

"பாட்டும்மா" என்றேன்.

"நான் தண்ணியோட வந்தேன். நீங்க கையக் காட்டுனீங்க."

"பாட்டுதாம்மா அது லூர்து."

"சரிக்கா" என்றாள். உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டாயிரம் பேர் கூடச் சேர்ந்து பாடுகிறார்கள். கதவத் தெற லூர்து, கதவத் தெற. அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசையவில்லை. அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் அசையவில்லை.

முடிந்ததும் அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு வார்த்தை பேசுங்கள் அம்மா என்று மைக்கைக் கொடுத்தான் முகிலன். அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்புறம், "நான் வெளியிலதான் நின்னேன்" என்றாள். "வெளியிலதான் நின்னேன், போகல" என்றாள். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கை தட்டினார்கள் அம்மா. அப்படி ஒரு கைதட்டல் அவர் இருந்தபோதுகூட நான் கேட்டதில்லை. என் பின்னால் ஒருத்தி விம்மி விம்மி அழுகிறாள். அதுவும் பாட்டோடு சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள்.

நானும் தட்டினேன். எல்லோரும் தட்டும்போது சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூடப் போகாமல் மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். எனக்குச் சொல்லவில்லை. ஜெசிந்தாதான் போன் செய்தாள். "பெரியம்மா, அம்மா சாப்பிட மாட்டேங்கிறாங்க. தண்ணி டம்ளர மட்டும் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. நீங்க வந்து பேசுங்களேன்" என்றாள்.

வந்து என்ன பேச? பாட்டுதான் என்று இன்னொரு தடவை சொல்லலாம். நான் சொன்னால் நம்புவாள், முப்பத்தாறு வருஷம் நம்பியிருக்கிறாள். நோட்டைக் கையில் கொடுத்து, உன் பேர் இதில் இருக்கிறது, வைத்துக்கொள் என்று சொல்லலாம். அவள் அந்தக் கோட்டையெல்லாம் தடவிப் பார்ப்பாள். கும்பிட்டு அலமாரியில் வைப்பாள். அவள் பேத்தி காலத்திலும் யாராலும் படிக்க முடியாது. நிம்மதியாகப் போய்விடுவாள். நானும் போய்விடுவேன். ஊர் பாடிக்கொண்டிருக்கும். அதில் யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கள்.

சரி.

அந்த வரியைக் கேட்கிறீர்கள், இல்லையா? கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். இன்றுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை. உங்களிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தால், அங்கே போய்ச் சொல்ல வாய் வருமா என்று தெரிந்துவிடும். நோட்டைக் கொடுங்கள். இதோ, கடைசிப் பக்கம். இந்தக் கொக்கி லூர்து. இந்த நீளக் கோடு கதவு. இப்படியே வந்து, இங்கே, கீழே. இந்தச் சின்னப் புள்ளி வைத்த கொக்கி நான். என் பேருக்கு நானே வைத்துக்கொண்டது.

'அரசி, எழுதாத. லூர்தக் கூப்புடு.'

அதுதான். மூன்று தடவை சொல்லியிருக்கிறார். மூன்று தடவையும் எழுதியிருக்கிறேன், பாருங்கள். ஒரு பிசிறு இல்லாமல், கோட்டின் மேல் உட்கார வைத்து, அழகாக எழுதியிருக்கிறேன்.

அவள் ஆறடி தூரத்தில் நின்றிருந்தாள். தண்ணீரோடு.

என்னப்பா? செங்கிப்பட்டியா? இரு தம்பி, ஒரு நிமிஷம். இதோ முடித்துவிடுகிறேன், இந்த அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு...

ஏம்மா, என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்க்கிறீர்கள்?

இடது கை. தம்பியைப் பார்த்துத் தூக்கிவிட்டேன்.

கீழே போட்டுவிட்டேன். பாருங்கள், கீழே போட்டுவிட்டேன்.

பையைக் கொடுங்கள். நோட்டைக் கையிலேயே வைத்துக்கொள்கிறேன். படித்துத்தான் காட்ட வேண்டும், வேறு வழி இல்லை. மூன்று தடவையும் படிக்கிறேன். அவள் என்ன சொல்கிறாளோ சொல்லட்டும். கதவைச் சாத்திக்கொண்டாலும் சரி, வெளியே நிற்கிறேன்.

தம்பி, கண்டக்டர் தம்பி, விசில் கொடுத்துவிடாதே. இறங்க வேண்டும். கதவைத் திற. என்னப்பா, நான் சொன்னதும் நீயும் அந்தப் பாட்டைப் பாடுகிறாய்? நான் பாடவில்லை தம்பி. கதவைத் திற.